மஞ்சள் பேஷன் ஃப்ரூட்: பந்தல் நிறையப் பூ, ஒரு காய்கூட இல்லை

பாமணிக்கரை (மன்னார்குடி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு மன்னார்குடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வாய்க்கால் ஓரம். கொல்லையில் மாட்டுக்கொட்டகையை ஒட்டிச் சவுக்குக் கம்பு நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டிருக்கிறோம். முன்பெல்லாம் அதில் புடலையும் பாகலும் ஓடும். போன வருஷம் என் நாத்தனார் திருச்சூரிலிருந்து வரும்போது மஞ்சள் தோல் பேஷன் ஃப்ரூட் கொஞ்சம் கொண்டுவந்தார். கொடைக்கானலில் தாட்பூட் பழம் என்று விற்பார்களே, அதே ஜாதிதான். ஆனால் அது ஊதா, இது மஞ்சள், பழமும் பெரியது. பிள்ளைகளுக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டு, மாமியார் விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டித் தொட்டியில் போட்டு வைத்தார். முளைத்ததில் கோழி கிளறியது போக ஒன்றுதான் மிஞ்சியது.

அந்த ஒன்று இப்போது பந்தலை மூடிக் கொட்டகை ஓட்டின் மேலும் ஏறிவிட்டது. ஆனி கடைசியில் பூக்க ஆரம்பித்தது. பூவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு. பகல் பன்னிரண்டு மணிவாக்கில் விரியும். ராத்திரி சாப்பாடு முடிவதற்குள் சுருங்கிவிடும். மறுநாள் காம்பு மஞ்சளாகும், அப்புறம் தரையில் கிடக்கும். தினம் காலையில் பந்தலடியைக் கூட்டும்போது பூவாகத்தான் அள்ளிப் போடுகிறேன். பிஞ்சு என்று ஒன்றைக்கூடக் கண்ணில் பார்க்கவில்லை.

கடலைப்புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் ஊற்றினேன். பஞ்சகவ்யம் தெளித்தேன். புளித்த மோரில் பெருங்காயம் கரைத்தும் தெளித்தாயிற்று. வயலுக்கு வாங்கிய யூரியாவில் வீட்டுக்காரர் ஒரு கை அள்ளிப் போட்டார். அதற்கப்புறம் இலை கரும்பச்சையாகித் தளதளவென்று இருக்கிறது, பூதான் குறைந்த மாதிரி தெரிகிறது. இது போதாதென்று இலையில் முள்ளு முள்ளாகக் கம்பளிப்பூச்சி வேறு.

மண் நல்ல களி. ஐப்பசி மழையில் கொல்லையில் கணுக்கால் தண்ணீர் நிற்கும்.

"இது ஆண் கொடி, வெட்டிப் போட்டுட்டுப் பீர்க்கன் போடு" என்கிறார் மாமியார். பப்பாளி மாதிரி இதிலும் ஆண், பெண் உண்டா? எனக்கு வெட்ட மனசு வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் தஞ்சை

வணக்கம் சகோதரி. பூ உதிர்வதற்கு வெயிலும் ஒரு காரணம். சூடு 35 டிகிரியைத் தாண்டினால் எந்தக் கொடியிலும் பூ நிற்பது கஷ்டம். போரான் சத்துக் குறைவாகவும் இருக்கலாம். நுண்ணூட்டக் கலவையை இலைவழியாகக் கொடுத்துப் பாருங்கள். யூரியாவை உடனே நிறுத்துங்கள். வெட்டவேண்டாம்.

கொடிக்கால் (திருவையாறு)

தங்கச்சி, வெட்டாதீங்க. இந்த ஒரு விஷயம் தெரியாமல் நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் நல்ல கொடியை அடியோடு வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இதில் ஆண் கொடி, பெண் கொடி கிடையாது. ஒவ்வொரு பூவிலும் இரண்டும் இருக்கின்றன. ஆனால் மஞ்சள் ரகத்துக்கு ஒரு குணம் உண்டு. தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. அதே கொடியின் வேறொரு பூவிலிருந்து எடுத்து வைத்தாலும் ஏற்காது. வேறு விதையில் முளைத்த இன்னொரு மஞ்சள் கொடியிலிருந்து மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். ஊதா ரகம் அப்படியில்லை, ஒற்றைக் கொடியே காய்க்கும். அதனால்தான் கொடைக்கானலில் வீட்டுக்கு ஒரு கொடி வைத்துப் பழம் பறிப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே தெரியாது. அவர்களைக் கேட்டு நாம் வைத்தால் இப்படித்தான் முடியும். ஊதா மலைக்காற்றுக்கானது. நம் சமவெளி வெக்கைக்கு மஞ்சள்தான் சரி. உங்கள் நாத்தனார் கொண்டுவந்தது சரியான பழம்தான். ஒற்றையாக நிற்பது ஒன்றுதான் குறை.

தஞ்சைத் தம்பி சொன்னதைத் தப்பென்று சொல்லமாட்டேன். சித்திரை, வைகாசியில் பூ கொட்டினால் வெயில்தான். ஆனால் ஆடி போய் ஆவணி வந்தும் ஒரு பிஞ்சுகூட இல்லை என்றால் அது சத்துக் குறைவு இல்லை. சத்துக் குறைந்தால் நூறு பூவுக்குப் பத்தாவது நிற்கும். ஒன்றுமே நிற்கவில்லை என்றால் மகரந்தம்தான்.

இப்போது பூவைப் பாருங்கள். பகல் ஒரு மணிக்குப் பந்தலுக்குக் கீழே போய் அண்ணாந்து நிற்காமல், கைக்கு எட்டுகிற பூ ஒன்றைத் திருப்பி நேருக்கு நேர் பாருங்கள். வெள்ளை இதழ், அதன்மேல் வட்டமாக நூல் நூலாக நிற்கும். அடியில் ஊதா, நுனியில் வெள்ளை. நடுவில் ஒரு தண்டு. அந்தத் தண்டில் ஐந்து சின்னப் பட்டைகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு கீழ்முகமாகத் தொங்கும். அவற்றுக்கு மேலே மூன்று கிளை, ஒவ்வொன்றின் நுனியிலும் குண்டூசித் தலை போல ஒரு குமிழ். அந்த மூன்று குமிழும்தான் மகரந்தம் சேரவேண்டிய இடம். பூ விரிந்தவுடன் அவை மேலே நிமிர்ந்து நிற்கும். நேரம் ஆக ஆக மெல்ல வளைந்து, மகரந்தப் பட்டைகளின் மட்டத்துக்கு இறங்கி வரும். இறங்கிய பூவில்தான் காய் நிற்கும். சில பூக்களில் அது இறங்காமலே நிமிர்ந்து நின்றுவிடும், அவை காய்க்காது. அந்தப் பூக்களிலிருந்து மகரந்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், வீணாகாது.

இந்த வேலையை நமக்காகச் செய்வது பெரிய கருவண்டு. பட்டுப்போன மரத்தையும் மூங்கிலையும் வட்டமாகத் துளைத்துக் குடியிருக்குமே, அதுதான். அது அந்த நூல் வட்டத்தின்மேல் உட்கார்ந்து அடியிலிருக்கும் தேனை உறிஞ்சும்போது அதன் முதுகு மகரந்தப் பட்டையில் உரசும். அதே முதுகோடு அடுத்த கொடிக்குப் போய் அங்கே இறங்கியிருக்கும் குமிழில் தேய்க்கும். தேனீ சின்ன உடம்பு. அது பட்டையில் தொற்றிக்கொண்டு மகரந்தத்தை வழித்துக்கொண்டு போய்விடும், குமிழை அநேகமாகத் தொடாது. ஆகவே பந்தலில் தேனீ மொய்க்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. கருவண்டு வருகிறதா என்று பாருங்கள்.

அது வர என்ன செய்யலாம்? கொல்லையில் முருங்கையும் அகத்தியும் இருந்தால் விட்டுவையுங்கள், இரண்டின் பூவும் அதற்குப் பிடிக்கும். பசுந்தாளுக்கு வரப்போரம் சணப்பு விதைத்தால் அதற்கும் வரும். பந்தலில் பழைய மூங்கில் இருந்து அதில் ஓட்டை போட்டிருந்தால் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். சத்தம் பெரிதாக இருப்பதால் பிள்ளைகள் பயப்படுவார்கள். ஆனால் முகத்துக்கு நேரே வந்து மிரட்டும் ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டுக்கு உண்டு, கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது. பகல் பன்னிரண்டிலிருந்து பொழுது சாயும்வரை பந்தலில் எந்த மருந்தும் அடிக்கவேண்டாம். வேப்பெண்ணெயாக இருந்தாலும் வேண்டாம். கட்டாயம் அடித்தாகவேண்டும் என்றால் விடியற்காலையில்.

இனி மண். நீங்கள் கணுக்கால் தண்ணீர் நிற்கும் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குப் பூவைவிட அதுதான் கவலை. எங்கள் குடும்பம் தலைமுறையாக வெற்றிலைக் கொடிக்கால் வைத்தது. வெற்றிலைக்கும் இந்தக் கொடிக்கும் வேர் ஒரே சுபாவம்: ஈரம் வேண்டும், தண்ணீர் நிற்கக்கூடாது. கொடிக்காலில் பாத்திக்குப் பாத்தி ஆழமாக வாய்க்கால் எடுத்து, அந்த மண்ணையே பாத்தியில் ஏற்றுவோம். மழை எவ்வளவு கொட்டினாலும் வேர் மேட்டில் இருக்கும், தண்ணீர் பள்ளத்தில் ஓடும். எங்கள் பக்கம் படுகை மண், சும்மாவே வடியும். அதிலேயே இவ்வளவு பார்க்கிறோம் என்றால் மன்னார்குடிக் களியில் எவ்வளவு பார்க்கவேண்டும்!

ஒரு எச்சரிக்கை. மேடு வேண்டும் என்று சொன்னேன் என்பதற்காக, இப்போது நிற்கும் கொடியின் தண்டைச் சுற்றி மண்ணை ஏற்றி மூடிவிடாதீர்கள். தண்டின் அடிப்பகுதி மண்ணுக்குள் போய் ஈரத்தில் கிடந்தால் அழுகும், முழுக் கொடியும் நாலு நாளில் தொங்கிவிடும். நிற்கும் கொடிக்குச் செய்யவேண்டியது வேறு: தண்டிலிருந்து நாலடி தள்ளி, மண்வெட்டி ஆழத்துக்கு ஒரு வடிகால் வெட்டி வாய்க்காலில் கொண்டுபோய் விடுங்கள். புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். புதிதாக வைக்கப்போகும் கன்றுக்கு மேடு இப்போதே போடலாம். ஒன்றரை அடி உயரம், நாலடி அகலம். வாய்க்கால் வண்டல், மணல், மக்கிய தொழுவுரம், கொஞ்சம் உமிச்சாம்பல். அரிசி ஆலையில் சாம்பல் சும்மாவே கொடுப்பார்கள். மேட்டை மழையில் படியவிட்டுவிட்டுக் கன்றைத் தையில் வையுங்கள். நம் ஊரில் இதற்குத் தைப்பட்டம்தான் என் கணக்கு. மழை விட்டிருக்கும், வெயில் ஏறுவதற்குள் வேர் பிடித்துவிடும், ஆடிக்காற்று வரும்போது கொடி பந்தலில் இருக்கும்.

யூரியா வேண்டவே வேண்டாம். இலைதான் வரும். மாட்டுக்கொட்டகை பக்கத்திலேயே இருப்பதால் மூத்திரமும் சாணித் தண்ணீரும் ஏற்கெனவே வேருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். இப்போதைக்கு அடுப்புச் சாம்பல் மட்டும் தண்டைத் தொடாமல் சுற்றித் தூவுங்கள்.

பாபநாசம் அக்கா

கொடிக்கால் அண்ணன் சொன்ன அத்தனையும் உண்மை. எங்கள் வீட்டில் இரண்டு கொடி, ஒன்று மதில் இந்தப்பக்கம், ஒன்று அந்தப்பக்கம். இரண்டும் வேறு வேறு வீட்டிலிருந்து வந்த விதை. ஆவணியிலிருந்து பழம் கொட்டுகிறது.

நான் கம்பளிப்பூச்சியைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். செம்பழுப்பு உடம்பு, வரிசையாகக் கிளைவிட்ட முள், கூட்டம் கூட்டமாக இலையின் அடியில் இருக்கிறதா? அப்படியானால் அது ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்டு மெதுவாகப் பறக்குமே, அந்தப் பட்டாம்பூச்சியின் புழு. முருங்கைக் கம்பளிப்பூச்சி போல அரிப்பெடுக்காது. வேலியில் சிறுபூனைக்காலி என்று ஒரு கொடி படருமே, வலை பின்னிய மாதிரி உறைக்குள் சின்னதாக ஆரஞ்சுப் பழம் பழுக்குமே, அதுவும் பேஷன் ஃப்ரூட்டும் ஒரே குடும்பம். புழுவுக்கு அதுதான் சொந்தச் சாப்பாடு. நம் ஆட்கள் வேலியைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை வேரோடு பிடுங்கிவிடுகிறார்கள், அது நம் பந்தலுக்கு வருகிறது. நான் கொல்லைக் கோடியில் வேலிப்பக்கம் சிறுபூனைக்காலியை விட்டுவைத்திருக்கிறேன். பந்தலில் கண்ட புழுவை இலையோடு கிள்ளி அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவேன். பெரிய கொடிக்கு இந்தப் புழுவால் உயிர் போகாது. சின்னக் கன்றாக இருந்தால் மட்டும் தினம் இலையைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு நாளில் மொட்டையடித்துவிடும்.

பச்சைக்காயைப் பிள்ளைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழுத்தால்தான் சாப்பிடலாம். காயிலும் இலையிலும் நச்சு உண்டு, மரவள்ளி இலையில் இருப்பது மாதிரிதான். கழித்த கொடியை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடவேண்டாம்.

பாமணிக்கரை (மன்னார்குடி)

அண்ணன், அக்கா, தஞ்சைச் சகோதரர், மூவருக்கும் நன்றி. அண்ணன் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "அதுக்கும் துணை வேணுமாக்கும்" என்றார், அரிவாளைக் கொட்டகையில் சொருகிவிட்டார். வடிகால் வெட்ட ஆள் சொல்லியாயிற்று.

மத்தியானம் பூவைத் திருப்பிப் பார்த்தேன். குமிழ் இறங்கி வருவது கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் கொடியில் பாதிக்கு மேல் நன்றாக இறங்குகின்றன. கருவண்டும் வருகிறது, இத்தனை நாள் அதைத் துணியால் அடித்து விரட்டிக்கொண்டிருந்தோம்.

சில சந்தேகம். என் கொடியிலிருந்தே தண்டு வெட்டிப் பதியம் போட்டு இரண்டாவது கொடி ஆக்கலாமா? இங்கே ஒரு நர்சரியில் ஊதா ரகக் கன்று இருக்கிறது என்றார்கள், அதைப் பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போகுமா? புதுக் கன்று வளர்ந்து பூக்கும்வரை இந்தப் பூவெல்லாம் வீண்தானா?

கொடிக்கால் (திருவையாறு)

பதியம் போட்டால் அது அதே கொடிதான். எத்தனை போட்டாலும் ஒன்றுக்கொன்று சேராது. வேறு கொடியிலிருந்து வந்த விதை, அல்லது வேறு கொடியின் தண்டு வேண்டும். ஒரே பழத்து விதையில் முளைத்த கன்றுகளும் உடன்பிறந்தவைதான், அவற்றிலும் சில ஜோடி சேராமல் போகும். அதனால் முடிந்தால் இரண்டு மூன்று வீட்டுப் பழத்திலிருந்து விதை எடுங்கள். சதையோடு தண்ணீரில் போட்டு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் வழுவழுப்பு போய்விடும். நிழலில் உலர்த்தி அப்படியே போட்டுவிடுங்கள். பழைய விதை சீக்கிரம் முளைக்காது.

ஊதாவை நம்பவேண்டாம். அதன் பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கும். உங்களுடையது அப்போதுதான் விரியத் தொடங்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே அபூர்வம். மனிதன் கையால் இரண்டையும் கலந்து ரகம் எடுத்திருக்கிறான். குடகில் செட்டள்ளி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஊதாவையும் மஞ்சளையும் சேர்த்து ஒரு கலப்பின ரகம் கொண்டுவந்து அதற்குக் காவேரி என்றே பேர் வைத்தார்கள். பேரைக் கேட்டாலே நமக்கு ஆசை வரும். ஆனால் அது நம் காவிரி பிறக்கிற குடகு மலைப்பக்கத்துக்கு ஏற்றது, கடைமடைச் சமவெளிக்கு இல்லை. நர்சரியில் அந்தப் பேரைச் சொல்லி விற்றால் யோசித்து வாங்குங்கள்.

இப்போதிருக்கும் பூ ஏன் வீணாகவேண்டும்? பாபநாசம் தங்கச்சி வீட்டில் இரண்டு கொடி இருக்கிறது. மன்னார்குடிக்கு எத்தனை தூரம்? பூ விரிந்தபிறகு நாலைந்து பூவைக் காம்போடு கிள்ளி, ஈரம் படாமல் ஒரு டிபன் டப்பாவில் காகிதம் விரித்து வைத்து எடுத்துவந்தால் சாயங்காலத்துக்குள் தாராளமாகப் பயன்படும். சுத்தமான விரல் நுனியால் மகரந்தத்தைத் தொட்டு, வளைந்து இறங்கிய மூன்று குமிழிலும் மஞ்சளாகப் படியும்படி தடவுங்கள். ஒன்றில் மட்டும் வைத்துவிட்டு நகராதீர்கள். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் வேண்டும். விதையைச் சுற்றித்தான் சாறு கட்டுகிறது. கஞ்சத்தனமாகத் தடவினால் பழம் பந்து மாதிரி பெரிதாக இருந்தும் உடைத்தால் உள்ளே காலியாக இருக்கும். பாபநாசத்து இரண்டு கொடியின் மகரந்தமும் கலந்து தடவினால் இன்னும் நல்லது.

மழை பெய்கிற நாளில் செய்யாதீர்கள். இந்த மகரந்தம் தண்ணீர் பட்டால் வெடித்துப் போகும். தடவிய பிறகும் இரண்டு மணி நேரமாவது மழை இல்லாமல் இருக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பூ இருந்தும் காய் குறைவதற்குக் காரணம் இதுதான்.

வேதை மணல் (வேதாரண்யம்)

களிமண்காரர்களுக்கு எல்லாம் சொன்னீர்கள், எங்களைப் போல மணலில் இருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு வடிகால் பிரச்சினை இல்லை, தண்ணீர் நிற்காததுதான் பிரச்சினை. குழியில் தென்னை மட்டையும் உரிமட்டையும் அடியில் பரப்பி, மேலே குளத்து வண்டல் போட்டு நட்டிருக்கிறேன். வைக்கோல் மூடாக்கு எப்போதும் உண்டு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலை ஓரம் கருகும். மழைநீரைச் சேர்த்துவைத்து ஊற்றுகிறோம்.

பந்தலைப் பற்றி ஒன்று. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் ஊரில் தென்னையே நிற்கவில்லை, பந்தல் எங்கே நிற்கும்? பந்தல் விழுந்த இடங்களில் கொடி கம்பியோடு சேர்த்து வேரோடு இழுபட்டது. இந்தக் கொடி வருஷா வருஷம் கனத்துக்கொண்டே போகும், புடலைப் பந்தல் பலம் இதற்குக் காணாது. ஆளுயரத்துக்கு மேல் பந்தல் போடாதீர்கள். மூலைக் கம்புகளுக்கு வெளிப்பக்கம் இழுகயிறு கட்டுங்கள். கீழே திரை மாதிரி தொங்கும் பழைய கொடியை மழைக்கு முன்னால் கொஞ்சம் கழித்து பாரத்தைக் குறையுங்கள். மன்னார்குடி சகோதரி, கொட்டகை ஓட்டில் ஏறியதை இறக்கிவிடுங்கள். ஓட்டுச் சூடு கொடிக்கு ஆகாது, காற்றடித்தால் கொடி ஓட்டையும் சேர்த்து இழுக்கும்.

பாமணிக்கரை (மன்னார்குடி)

நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். வீட்டுக்காரர் நெல் விஷயமாகக் கும்பகோணம் போனவர் திரும்பும்போது பாபநாசம் அக்கா வீட்டில் இறங்கி டப்பாவில் பூ வாங்கி வந்தார். நாலு மணிக்குக் கையில் கிடைத்தது. நானும் என் பெண்ணும் ஸ்டூல் போட்டு ஏறி எட்டிய பூவெல்லாம் தடவினோம். எந்தப் பூவில் தடவினோம் என்று தெரிய, காம்பில் சிவப்பு நூல் கட்டினாள்.

நூல் கட்டாத பூவெல்லாம் வழக்கம்போல் விழுந்துவிட்டது. நூல் கட்டியதில் முக்கால்வாசி நிற்கிறது! கோலிக்குண்டு அளவு இருந்தது இப்போது எலுமிச்சைக்கு மேல் போய்விட்டது. பச்சைப்பசேலென்று பளபளக்கிறது. மாமியார் தினமும் வந்து எண்ணிவிட்டுப் போகிறார். அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பூ கொடுத்ததோடு விதைக்கு இரண்டு பழமும் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள்.

எப்போது பறிக்கலாம்? வேறு ஏதாவது பார்க்கவேண்டுமா?

கொடிக்கால் (திருவையாறு)

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. சிவப்பு நூல் கட்டிய பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

பறிக்கவே வேண்டாம். பூ பிடித்ததிலிருந்து அறுபது, எழுபது நாளில் தோல் மஞ்சளாகித் தானாகவே கீழே விழும். உங்களுக்கு அது கார்த்திகையில் வரும், தரை சேறாக இருக்கும். பழைய மீன்வலையோ கொசுவலையோ பந்தலுக்குக் கீழே இடுப்புயரத்தில் தொட்டில் மாதிரி கட்டிவிடுங்கள். விழுந்த பழத்தை ரெண்டு நாள் வீட்டுக்குள் வையுங்கள். தோல் லேசாகச் சுருங்கினால்தான் புளிப்பு அடங்கி இனிப்பு தெரியும். சுருங்கியதைக் கெட்டுப்போனது என்று எறிந்துவிடுவார்கள், மாமியாரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

இப்போது பார்க்கவேண்டியது பழ ஈ. தோல் இளசாக இருக்கும்போதுதான் குத்தி முட்டை வைக்கும். குத்திய இடம் தடித்துக் கட்டி மாதிரி ஆகும், சில காய் சுருங்கி விழுந்துவிடும். கைக்கு எட்டும் காய்க்கெல்லாம் செய்தித்தாளில் உறை செய்து மாட்டிவிடுங்கள், மழையில் நனைந்து கிழிந்தால் மாற்றுங்கள். விழுந்த பிஞ்சைப் பந்தலடியிலேயே விடாமல் பொறுக்கிக் குழியில் போட்டு ஆழமாக மூடுங்கள்.

மழை விட்டதும் தையில், காய்த்து முடித்துத் தொங்கும் கிளைகளை மட்டும் நாலைந்து கணு விட்டு வெட்டுங்கள். பூ புதுத் தளிரில்தான் வரும், பழைய கொடியில் வராது. ஆனால் பந்தல்மேல் கை மாதிரி ஓடும் தடித்த கொடியைத் தொடக்கூடாது. அதே சமயம் பாபநாசம் விதையில் முளைத்த கன்றையும் மேட்டில் வைத்துவிடுங்கள். இந்தக் கொடிக்குப் பத்தடி தள்ளி, இதே பந்தலில் ஏறுகிற மாதிரி. இரண்டு மூன்று கன்றாக வைத்தால் நல்லது.

அந்தப் பழத்தில் விதை மிஞ்சினால் எனக்கும் கொஞ்சம் எடுத்துவையுங்கள். தை மாதம் தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு வருவீர்களானால் சொல்லுங்கள், எங்கள் கொடியிலிருந்து தண்டு வெட்டி ஈரச்சாக்கில் சுற்றித் தருகிறேன்.